கோயில் நகரவில்லை, மாவட்டம்தான் மாறியது

கங்கைகொண்ட சோழபுரம் எந்த மாவட்டம்? இன்றைக்குக் கேட்டால் அரியலூர். பழைய நூல்களைப் புரட்டினால் திருச்சிராப்பள்ளி. நடுவில் வந்தவற்றில் பெரம்பலூர். மூன்றுமே சரிதாங்க, அதது எழுதப்பட்ட காலத்துக்கு.

1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். 2001 ஜனவரி 1 அன்று அதிலிருந்து அரியலூர் தனியாகப் போனது. பதினைந்தே மாதம்தான். 2002 மார்ச் 31இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23இல் திரும்பவும் தனி மாவட்டம்.

இதில் ஒரு வேடிக்கை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்தப் பதினைந்து மாதத்துக்குள் விழுந்தது. அதனால் அரியலூர் அதில் 6,95,524 பேருடன் தனி மாவட்டம். ஆனால் 2004இல் யுனெஸ்கோ இக்கோயிலை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அது பெரம்பலூர் மாவட்டத்துக் கோயில்.

சோழர் கோயில் குறிப்புகளைப் பைத்தானில் தொகுக்கும்போது இந்த வரலாறு நேராகக் குறுக்கே வருகிறது. 'ஊர்' என்று ஒரு பொருள், '2004 குறிப்பு' என்று இன்னொன்று. ஊரின் மாவட்டத்தைக் குறிப்புக்கு நகலெடுக்கிறோம்:

குறிப்பு.மாவட்டம் = ஊர்.மாவட்டம்

மதிப்பு 'பெரம்பலூர்' என்ற வெறும் சரமாக இருந்தால் கவலை இல்லை. பிறகு ஊர்.மாவட்டத்தை அரியலூர் என்று மாற்றினாலும் குறிப்பு பழையபடியே நிற்கும். மாவட்ட மாற்றங்களை ஒரு பட்டியலாக வைத்து அதை இப்படி ஒதுக்கினால்தான் சிக்கல். பைத்தான் பட்டியலை நகலெடுப்பதில்லை, இரண்டு பொருளும் ஒரே பட்டியலைத்தான் பார்க்கின்றன. ஊரில் 2007 என்று ஒரு வரி சேர்த்தால் 2004 குறிப்பிலும் அது முளைத்துவிடும்! அங்கே லிஸ்ட்(ஊர்.மாற்றங்கள்) என்று தனி நகல் எடுக்க வேண்டும்.

'வார்ஸ்' வழியாக எல்லாப் பண்புகளையும் ஒரே மூச்சில் அப்டேட் செய்வது இன்னும் ஆபத்து. இரண்டிலும் 'ஆண்டு' என்று ஒரு பண்பு இருந்தால், குறிப்பின் 2004 அழிந்து ஊரின் ஆண்டு உட்கார்ந்துகொள்ளும். எந்தெந்தப் பண்பு வேண்டும் என்று பெயர் சொல்லி, 'செட்ஆட்டர்' கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுவதே நல்லது.

பழைய ஆவணத்தை 'அரியலூர்' என்று திருத்துவது சரிசெய்வதாகத் தோன்றும். ஆனால் அது எந்தக் காலத்து ஆவணம் என்ற தடயம் அதோடு போய்விடும். அன்றைய மாவட்டம் ஒரு பண்பு, இன்றைய மாவட்டம் இன்னொரு பண்பு. இரண்டையும் வைத்துக்கொண்டால் ஆயிற்று.