சாயம் போகாத துணியும் ஒரு கடிதமும்



நம் ஊர்த் துணி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி ஆனது என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் படித்திருப்போம். ஏன் வாங்கினார்கள்? துவைத்தாலும் சாயம் போகாது, அதனால்தான்!

சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளை 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் உடுத்தினார்கள். பஞ்சு வைத்துத் தைக்கும் குயில்ட் போர்வைகளுக்கும் வாங்கினார்கள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்த பிறகு ஒரு துண்டில் சிவப்பு இறங்கினால் போர்வை முழுவதும் பாழ். பிரித்துத் துவைக்கவும் முடியாது.

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்தார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் படிகார நீரால் வரைந்தார்கள். பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். இராமேசுவரம், மன்னார்ப் பக்கத்து மணலில் வளரும் செடியின் வேர் அது. இம்பூரல் என்றும் சொல்வோம். கடைசியில் சாணக் கரைசலில் நனைத்து வெயிலில் போட்டு நீர் தெளிப்பார்கள். படிகாரம் படாத இடம் வெளுத்துவிடும், பட்ட இடம் சிவப்பாகவே நிற்கும். நூலையும் நிறத்தையும் பிணைக்கும் கை அந்தப் படிகாரம்தான்.

அங்கே உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. இங்கிலாந்தின் 1721ஆம் ஆண்டுச் சட்டம் உடுத்துவதோடு, வீட்டு விரிப்பாகப் பயன்படுத்துவதையும் தடுத்தது.

துணிக்குத் தடை, ஆனால் நுட்பம் மட்டும் வேண்டும்! 1742இல் இங்கிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ, சாயத்தொழில் தெரிந்த புதுக் கிறித்தவர்களிடம் கேட்டு, முறை முழுவதையும் கடிதமாக எழுதி அனுப்பினார். இன்றும் அது அவர் பெயரில்தான் பேசப்படுகிறது, சொல்லிக்கொடுத்தவர்கள் பெயரில் அல்ல. பிரான்ஸ் 1759இல் தடையை நீக்கியது. தாங்களே அச்சிடத் தொடங்கினார்கள்.

1868இல் கிரேபே, லீபர்மான் என்ற ஜெர்மானியர்கள் அலிசாரின் என்ற சிவப்பைச் செயற்கையாகச் செய்தார்கள். நம் சாயவேரிலும் உள்ள நிறப்பொருள் அது. ஆலைச் சாயம் மலிவாக வந்ததும் வேர் தோண்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு வேலை இல்லாமல் போனது.

என் மனதில் நிற்கும் கேள்வி இதுதான்: எழுதியவருக்குப் பெயர் இருக்கிறது, செய்தவருக்கு ஏன் இல்லை? உங்கள் ஊரில் சாயப்பட்டறை வைத்திருந்த பெரியவர்கள் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள்.

ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்களுக்கு ஒன்று. துவைக்கும் நீரில் உப்போ வினிகரோ போட்டால் பருத்தியில் சாயம் நின்றுவிடாது. சாயம் ஏற்றும்போது நூலுக்குள் செலுத்தத்தான் உப்பு உதவும். ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தத் துண்டைத் தனியாக, தண்ணீர் தெளியும்வரை பலமுறை அலசுங்கள். தெளியவே இல்லையென்றால் வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தைத்த போர்வையை ஈரத்தோடு மடித்து வைக்கவே வேண்டாம்.

அன்புடன், உங்கள் ஆசிரியை.