கடல் கடந்த கிடாரிகள்

ஓரிரு ஏக்கர் நிலத்தை நம்பி வாழும் குடும்பத்திற்குப் புதிதாக ஒரு மாடு வந்து சேர்ந்தால், பாலுக்கு முன்னே வந்து சேருவது அதன் பசி. கொட்டகை வேண்டும், வைக்கோலும் பசும்புல்லும் வேண்டும், கோடையில் நமக்கே தண்ணீர் இல்லாத நாளிலும் அதற்குத் தண்ணீர் வேண்டும். ஆகவேதான் ஏழைக் குடியானவர் மாடு வாங்குமுன் பலமுறை யோசிக்கிறார். கையில் பணமில்லாதவர் 'வாரத்துக்கு' மாடு பிடிப்பது நம் நாட்டுப்புறங்களில் நெடுநாள் வழக்கம். கன்று ஒருவருடையது, தீனி போட்டு வளர்ப்பவர் இன்னொருவர், பெருகியதை இருவரும் பங்கிட்டுக்கொள்வர். இது கணக்கறிந்தவர்கள் செய்த ஏற்பாடு. இதில் குறை காண ஒன்றுமில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், போரின் சாம்பலிலிருந்து வேறொரு ஏற்பாடு பிறந்தது. அதில் கொடுத்தவருக்கு எதுவும் திரும்பி வரவில்லை. அதன் வரலாற்றையே இங்கு நோக்க விரும்புகிறோம்.

அதைத் தொடங்கியவர்கள் நம் சபையினர் அல்லர். 1708இல் ஜெர்மனியில் தோன்றி, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய 'சகோதரர் சபை' என்னும் சிறு கூட்டத்தார் அவர்கள். போர்க்கருவி ஏந்துவதில்லை என்பது அவர்களது உறுதி. உழவே அவர்களில் பெரும்பாலோரின் தொழில். அவர்களுள் ஒருவரான டான் வெஸ்ட் (1893–1971), உள்நாட்டுப் போரால் சிதைந்துகொண்டிருந்த ஸ்பெயின் நாட்டுக்கு 1937இல் துயர்துடைப்புப் பணியாளராகச் சென்றார். பால்பொடியைக் கரைத்துக் குழந்தைகளுக்குக் கோப்பை கோப்பையாக வழங்குவது அங்கு அவர் செய்த பணிகளுள் ஒன்று. வந்த பொடியோ குறைவு. வரிசையில் நின்ற குழந்தைகளோ மிகுதி. இன்று யாருக்குக் கொடுப்பது, யாரை வெறுங்கையோடு அனுப்புவது என்று தீர்மானிக்க வேண்டிய கொடுமை அவருக்கு நேர்ந்தது. பசித்த குழந்தையைக் காண்பது ஒரு துன்பம். பசித்த இரு குழந்தைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அதனினும் பெருந்துன்பம். இவர்களுக்கு வேண்டுவது கோப்பைப் பால் அன்று, பால் தரும் பசு என்ற எண்ணம் அங்குதான் அவருள் வேரூன்றியது.

ஊர் திரும்பிய வெஸ்ட், இந்தியானா மாநிலத்துத் தம் சபை உழவர்களிடம் இதை எடுத்துரைத்தார். பேச்சு செயலாகச் சில ஆண்டுகள் பிடித்தன. 1942இல் வட இந்தியானா சபையார் திட்டத்தை ஏற்று, தம் தொழுவங்களிலேயே கன்றுகளைத் தேர்ந்து வளர்க்கத் தொடங்கினர். கறவைப் பசுவை விடுத்துக் கிடாரியை ஏன் தேர்ந்தார்கள் என்பதில் உழவர்களின் அறிவு விளங்குகிறது. கறவைப் பசுவைக் கப்பலில் ஏற்றினால் நாள்தோறும் கறந்தாக வேண்டும்; பயண அலைச்சலில் பாலும் வற்றும். சினைக் கிடாரியோ கடலைக் கடந்து, புது மண்ணில் கால் ஊன்றிய சில காலத்திலேயே கன்றையும் பாலையும் ஒருசேரத் தரும். பெறுபவர் கைக்கு அதன் வாழ்நாள் முழுவதும் கிடைக்கிறது.

கிடாரியோடு ஒரு நிபந்தனையும் சென்றது. அது ஈனும் முதல் கிடாரிக் கன்றை, பெற்றவர் வளர்த்து, தம்மைப் போன்ற மற்றொரு ஏழைக் குடும்பத்திற்குக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான். ஆனால் எவ்வளவு பொறுமையைக் கேட்கும் நிபந்தனை இது என்பதை மாடு வளர்த்தவர்களே அறிவர். சினைக்காலம் ஒன்பது மாதத்திற்கும் மேல். பிறப்பது காளைக்கன்றாக இருந்தால் அடுத்த ஈற்றுக்காக ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். கிடாரியே பிறந்தாலும் அது தாயாகி மடி சுரக்க இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை தன் கொட்டிலில், தன் தீனியில் வளர்ந்த கன்றை, நல்ல விலை கேட்டு வியாபாரி வாசலில் நிற்கும்போது, அண்டை ஊர்க்காரரிடம் கயிற்றோடு ஒப்படைப்பது எளிதன்று. வாரத்து மாட்டில் கன்று உடையவரை நோக்கித் திரும்புகிறது. இங்கோ அது முன்பின் அறியாத ஒருவரை நோக்கி நடக்கிறது. கொடுத்தவரிடம் கைகட்டி நிற்க வேண்டிய நிலையிலிருந்து, பெற்றவரை இந்த ஒரு நிபந்தனை விடுவித்துவிடுகிறது எனலாம். அவர் தம் கடனைத் தீர்ப்பது செல்வரிடத்தில் அன்று, தம்மினும் வறியவரிடத்தில்.

திட்டத்திற்கென முதலில் அளிக்கப்பட்ட மூன்று கன்றுகளுக்கு விசுவாசம், நம்பிக்கை, அன்பு எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர்களைச் சூட்டினார்கள். மறைக்கல்வி வகுப்பில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று நாம் மனனம் செய்த மூன்றும், அங்கே தொழுவத்தில் நான்கு கால்களோடு நின்றன என்பதை எண்ணும்போது நமக்குப் புன்முறுவல் தோன்றுகிறது. ஐரோப்பாவுக்கு அனுப்பப் போர் வழிவிடவில்லை. ஆகவே 1944 ஜூலையில் 17 கிடாரிகள் கரிபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவுக்குச் சென்றன.

போர் ஓய்ந்ததும் நிலைமை மாறியது. ஐரோப்பாவின் உழவர் வீடுகளில் தொழுவங்கள் வெறுமையாகக் கிடந்தன. படைகள் குதிரைகளைக் கொண்டுபோயிருந்தன, மாடுகளை உண்டிருந்தன. ஐக்கிய நாடுகளின் துயர்துடைப்பு மறுவாழ்வு அமைப்பு கப்பல் கப்பலாகக் கால்நடைகளை அனுப்ப முனைந்தது. அவற்றைக் கடலில் பேண ஆள் இல்லை. அந்த ஆட்களைத் திரட்டித் தரும் பொறுப்பைச் சகோதரர் சபை ஏற்றது. 1945 ஜூன் முதல் 1947 வரை ஏறத்தாழ 7,000 பேர், 360 பயணங்களில், சுமார் 3 இலட்சம் விலங்குகளோடு சென்றார்கள். பதினாறு வயதுப் பையன்களும் இருந்தனர். எழுபதைக் கடந்த முதியவர்களும் இருந்தனர். இவற்றில் மிகப் பெரும்பகுதி குதிரைகள். கத்தோலிக்கப் போலந்துக்கே மிகுதியான கப்பல்கள் சென்றன. புயலில் கால் ஒடிந்தும் நோயுற்றும் இறந்த விலங்குகள் கடலில் எறியப்பட்டன. தரையிறங்கிய பையன்கள் இடிந்து கிடந்த கதான்ஸ்க் நகரைக் கண்டார்கள். தங்கள் வயதுள்ளவர்கள் போர்க்கப்பலில் சென்ற அதே கடலில், இவர்கள் சாணம் அள்ளிக்கொண்டு சென்றார்கள். இரண்டையும் ஒருசேர நினைத்துப் பார்ப்பது நல்லது. பின்னாளில் கிடாரித் திட்டத்தில் பிற சபைகளோடு அமெரிக்கக் கத்தோலிக்க ஊரக வாழ்வு மாநாடும் கைகோத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் சபைகளின் ஒற்றுமையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னரே, ஒரு தொழுவத்தில் அது தொடங்கியிருந்தது.

இதே எண்ணம் சபைகளுக்கு வெளியிலும் பலருக்குத் தோன்றியிருக்கிறது. 1945இல் நடந்த போரில் ஜப்பானின் ஒக்கினாவா தீவு நாசமாயிற்று. வீட்டுக்கு வீடு வளர்த்த பன்றிகள் ஏறக்குறைய அழிந்துபோயின. ஹவாய்த் தீவில் குடியேறியிருந்த ஒக்கினாவா மக்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, அமெரிக்காவில் 550 பன்றிகளை வாங்கினார்கள். ஏழுபேர் அவற்றோடு கப்பலேறி, 1948 செப்டம்பரில் தீவை அடைந்தார்கள். பன்றிகள் ஊர் ஊராகப் பங்கிடப்பட்டன. சில ஆண்டுகளில் தீவின் தொழுவங்கள் மீண்டும் நிறைந்தன. பன்றி மாட்டைப் போலன்று. ஓர் ஈற்றில் பல குட்டிகள் ஈனும். பெருக்கம் விரைந்ததற்கு அதுவே காரணம்.

இத்தகைய கொடைகளைப் பற்றி எழுந்த ஐயங்களையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. குளிர்நாட்டுப் பசு வெப்பநாட்டில் மூச்சிரைக்கும். உண்ணியும் நோயும் அதை எளிதில் பற்றும். நிறையப் பால் தரும் இனம் நிறையத் தீனி கேட்கும். புல் இல்லாத வீட்டில் அதைக் கட்டினால், குழந்தையின் வாய்க்குப் போக வேண்டிய காசு மாட்டின் வாய்க்குப் போகும். மருத்துவர் அருகில் இல்லாத ஊரில் ஒரு மாடு இறந்தால் குடும்பமே சரியும். பசுவைக் கொடுப்பதற்குப் பதில் பணமாகவே கொடுத்துவிட்டால், தேவையை அவர்களே தீர்மானிப்பார்களே என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. எனினும் பணம் கன்று ஈனாது. பெற்றவரைக் கொடுப்பவராக ஆக்கும் வழியும் அதில் எளிதில் அமையாது என்பது நம் கருத்து.

அனுபவம் கற்பித்தபடியே நடைமுறையும் மாறியது. கிடாரியோடு வெள்ளாடு, கோழி, தேனீ என்று இடத்திற்கேற்ற உயிர்கள் சேர்ந்தன. விலங்கு வருமுன் கொட்டகை எழ வேண்டும், தீவனப்புல் நட்டிருக்க வேண்டும், நோய் பார்க்கக் கற்றிருக்க வேண்டும் என்ற முறை வந்தது. நம் அண்டை நாடான நேபாளத்தின் மலைக்கிராமங்களில் பெண்கள் குழுக்களாகக் கூடி வெள்ளாடு பெறுகிறார்கள். பெற்றவர்கள் கொடுக்கும் நாள் அங்கே ஒரு விழா. ஆட்டின் கழுத்தில் மாலை இடுகிறார்கள். ஒரு காலத்தில் கையேந்தி நின்ற பெண், ஊர் பார்க்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, எதிரே நிற்கும் பெண்ணின் கையில் அதைக் கொடுக்கிறாள். கொடுத்தவள் அந்த ஆட்டுக்கு எந்தத் தழை பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட்டுத் திரும்புகிறாள்.