குண்டு விழுந்த தூரம் வரை
விண்வெளி விளையாட்டும் கடலூரின் எல்லையும்

1

இரண்டு பகடையை உருட்ட வேண்டும். வருகிற தொகையிலிருந்து இரண்டைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது ஒரு கிரகத்தின் மக்கள்தொகைக் குறி. ஆறு என்றால் பத்து லட்சக் கணக்கில் ஜனம். ஒன்பது என்றால் நூறு கோடிக் கணக்கில். இரண்டு பகடையிலும் ஒன்றே விழுந்தால் கழித்ததுபோக மிச்சம் பூஜ்யம், அதாவது ஆளில்லாத கிரகம். 1977இல் அமெரிக்காவில் மார்க் மில்லர் உருவாக்கிய 'டிராவலர்' என்ற விளையாட்டின் விதி இது.

சிதம்பரத்தில் ஒரு மாடி அறையில் நண்பர்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் இதை ஆடுகிறோம். வெட்டுவதற்குக் காய் கிடையாது, ஜெயித்தவன் தோற்றவன் கிடையாது. ஒருத்தர் உலகத்தைச் சொல்லுவார். மற்ற நாலு பேரும் அந்த உலகத்துக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று பேசுவார்கள், முடிவெடுப்பார்கள். எடுத்த முடிவு பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடரும். எங்கள் கதை விண்வெளியில் நடக்கும் கௌபாய்க் கதை: ஒரு பழைய சரக்குக் கப்பல், தலைக்கு மேல் கடன், இடுப்பில் துப்பாக்கி, சட்டம் எட்டாத ஓரத்துக் கிரகங்கள், அங்கே மண்ணைத் தோண்டும் கம்பெனிகள்.

ஒரு ராத்திரி ஒன்றும் ஒன்றும் விழுந்தது. அன்றைக்கு உலகம் சொல்லும் முறை என்னுடையது. "ஆளே இல்லாத கிரகம். எறங்குறீங்களா?" என்றேன். கடலூர் நண்பர் கேட்டார்: "ஆள் இல்லேன்னு யாரு எண்ணிப் பாத்தது?"

சிரித்துவிட்டோம். ஆனால் ஆட்டம் அன்றைக்கு அதற்கு மேல் நகரவில்லை. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போய்ப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

2

இந்த விளையாட்டு வகைக்கு ஒரு வம்சாவளி உண்டு. அது குழந்தைகளின் அறையில் தொடங்கவில்லை, ராணுவ அலுவலகத்தில் தொடங்கியது. பிரஷ்யாவில் 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, தம் தகப்பனார் தொடங்கிவைத்த போர் விளையாட்டைச் செப்பனிட்டு வெளியிட்டார். அதிகாரிகளுக்குப் பயிற்சி தர அது பயன்பட்டது. வரைபடத்தின் மேல் படைகளை நகர்த்துவார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதைப் பகடை சொல்லும். இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் இருப்பார். இந்த நடுவர்தான் இன்றைக்கு எங்கள் மாடி அறையில் உலகம் சொல்லுகிறவரின் மூதாதை. தொடர்ந்து ஆடப்படும் கதைக்கு ஆட்டக்காரர்கள் வழங்கும் பெயரே 'கேம்பெய்ன்'. அப்பிடீன்னா படையெடுப்பு. கதை சொல்லுகிறோம் என்று உட்கார்ந்த இடத்தில், வாயில் வருகிற முதல் சொல்லே படையெடுப்பு.

படையிலிருந்து தனிமனிதனுக்கு இந்த ஆட்டம் இறங்கி வந்தது 1969இல். அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்து ஊர் ஒன்றை வைத்து ஒரு போர் விளையாட்டை நடத்தினார். ஆடவந்தவர்களுக்குப் படைப்பிரிவுகளைக் கொடுத்ததோடு நிற்காமல், ஊரின் மேயர், வங்கிக்காரர் என்று ஆட்களையும் பங்கிட்டுக் கொடுத்தார். படையை விட்டுவிட்டு ஆளாக நின்று பேசுவதில் ருசி கண்டுவிட்டார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே கௌபாய்களுக்கென்று 'பூட் ஹில்' வந்தது. 1977இல் 'டிராவலர்' விண்வெளிக்குப் போனது.

கௌபாயும் விண்வெளியும் ஒட்டிக்கொண்டது தற்செயல் இல்லை. 1960களில் 'ஸ்டார் டிரெக்' தொடரைத் தொலைக்காட்சிக்காரர்களிடம் விற்கப்போன ஜீன் ராடன்பெரி, அன்றைக்குப் பிரபலமாயிருந்த ஒரு கௌபாய்த் தொடரின் பெயரைச் சொல்லி, அதையே நட்சத்திரங்களுக்குக் கொண்டுபோவதாகத்தான் விளக்கினார். மேற்கே நகரும் மாட்டுவண்டி வரிசை வானத்தில் ஏறியது. 2002இல் வந்த 'ஃபயர்ஃப்ளை' தொடரில் கப்பல் தலைவன் உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்துச் சிப்பாய். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலங்களின் சோகம் அப்படியே அதில் இருக்கிறது. அந்தத் தென்மாநிலங்கள் எதற்காகச் சண்டை போட்டனவோ அந்த அடிமைமுறை மட்டும் இல்லை. தோற்றவனின் கம்பீரத்தை எடுத்துக்கொண்டு, அவன் காலடியில் கிடந்தவர்களைக் கதையிலிருந்து நீக்கிவிடுவது இந்த வகைமையின் பழைய வித்தை.

நமக்கும் இந்தக் கதையாடல் புதுசில்லை. 1972இல் இயக்குநர் கர்ணன் ஜெய்சங்கரை வைத்து எடுத்த 'கங்கா'வில் தமிழ் பேசும் கௌபாய் குதிரை ஏறினான். 1963லேயே 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிவகாசியின் லயன் காமிக்ஸ் வழியாக டெக்ஸ் வில்லர் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். அவன் நவஹோக்களிடையே 'இரவுக் கழுகு'. அவனைப் படைத்தவர்கள் இத்தாலிக்காரர்கள், வருஷம் 1948. ஆக நம் கையில் இருந்த 'மேற்கு' என்பது, அமெரிக்காவைப் பார்க்காமலே இத்தாலி வரைந்து சிவகாசி அச்சடித்த மேற்கு. அதில் செவ்விந்தியர்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. ஆனால் நாம் யாராக நின்று அதைப் படித்தோம்? குதிரை மேல் இருப்பவனாகத்தான்.

3

1893இல் சிக்காகோவில் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரை வாசித்தார். அமெரிக்காவை அமெரிக்காவாக ஆக்கியது எல்லைப்புறம்தான் என்பது அவருடைய வாதம். சும்மா கிடந்த நிலம், அது பின்வாங்கப் பின்வாங்க முன்னேறிய குடியேற்றம், அந்த உரசலில் பிறந்த ஜனநாயக மனிதன். அவர் தொடங்கிய இடம் 1890இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. சதுர மைலுக்கு இரண்டு பேருக்குக் குறைவாக இருந்தால் அது எல்லைப்புறத்துக்கு அப்பால். இனி அப்படி ஒரு தொடர்ச்சியான கோடு வரைய முடியாது என்று கணக்கெடுப்புத் துறை அறிவித்திருந்தது. அதே 1890இன் டிசம்பரில்தான் வூண்டட் நீயில் லக்கோட்டா மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எண்ணுவதும் சுடுவதும் ஒரே வருஷத்து வேலைகள்.

இப்போது நண்பரின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடுகிறது. ஆளில்லாத நிலத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எழுதித்தான் உண்டாக்க முடியும். யாரோ ஒருத்தன் பேரேட்டில் பூஜ்யம் என்று எழுதுகிறான். பகடை அந்த எழுத்தை இயற்கையின் தீர்ப்பு மாதிரி நமக்குக் காட்டுகிறது.

மீதிப் பாதி கடலூரிலேயே கிடக்கிறது.

4

1690இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் எலிஹு யேல். செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடம், சிவாஜியின் மகன் ராஜாராமின் ஆட்சியிடம், தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் விற்பனையில் சேர்த்தி. எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை. கோட்டையிலிருந்து திசைக்கொன்றாகச் சுட்டார்கள். குண்டு விழுந்த இடத்துக்கு உட்பட்ட ஊர்களெல்லாம், கடலூர் உட்பட, கம்பெனிக்குச் சொந்தம். அந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்று பேர் விழுந்தது.

இந்தக் கதையைப் பாடப்புத்தகங்கள் ஒரு வேடிக்கைத் தகவலாகச் சொல்லிவிட்டுப் போகும். நாம் அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஒப்பந்தத்தின் ஆங்கிலத்தில் அந்தத் தூரத்துக்கு வழங்கிய சொல் 'ரேண்டம் ஷாட்'. இன்றைக்கு ரேண்டம் என்றால் குருட்டாம்போக்கு, தற்செயல். எங்கள் பகடையின் சொல். அந்தக் காலத்துப் பீரங்கிக்காரர்களின் பேச்சில் அதன் பொருளே வேறு. குழலின் வாயை உயர்த்திச் சுட்டால் குண்டு எட்டுகிற நெடுந்தூரம்தான் ரேண்டம். அதாவது, தற்செயலுக்கு நேர் எதிர். நல்ல பீரங்கி, தேர்ந்த பீரங்கிக்காரர், கூடுதல் மருந்து இருந்தால் எல்லை இன்னும் தள்ளிப்போகும். கம்பெனி இதை அறியாமல் ஒப்புக்கொண்டிருக்கும் என்று நம்ப இடமில்லை. சுட்டவனுக்குக் கணக்கு, விழுந்த இடத்தில் இருந்தவனுக்கு விதி. ஒரே சொல் இந்த இரண்டு அர்த்தத்தையும் சுமந்துகொண்டு முன்னூறு வருஷம் நடந்து எங்கள் மேசைக்கு வந்திருக்கிறது.

குண்டு விழுந்த வயலில் அன்றைக்கு யார் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள்? ஒப்பந்தப் பிரதியில் அவர்களுக்கு இடமில்லை. விற்றவன் ஒருவன், வாங்கியவன் ஒருவன், அளந்தது பீரங்கி.

அடுத்த நூற்றாண்டு முழுக்கக் கடலூர் ஒரு எல்லைப்புற ஊர்தான். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது கம்பெனியின் தலைமையிடம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்தது. 1752 வரை இங்கேதான் இருந்தது. 1758இல் லாலி கோட்டையைப் பிடித்து இடித்தார். 1781 ஜூனில் ஹைதர் அலியின் ஆட்கள் இருந்த சிதம்பரம் கோயில் மதிலை அயர் கூட்டின் படை தாக்கித் தோற்றுத் திரும்பியது. கோயிலே கோட்டையாகியிருந்த காலம். ஜூலை 1இல் பரங்கிப்பேட்டையில் அதே அயர் கூட் ஹைதரை வென்றார்.

1783 ஜூனில் கடலூர் முற்றுகை. உள்ளே புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, வெளியே ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை, இரண்டு பக்கமும் நம்மூர் சிப்பாய்கள். ஆயிரக்கணக்கில் அடிபட்டார்கள், செத்தார்கள். மாதக் கடைசியில் ஒரு சேதி வந்தது: ஐரோப்பாவில் இரண்டு நாட்டுக்கும் ஜனவரியிலேயே சமாதானக் கையெழுத்து ஆகிவிட்டது. கப்பல் வந்து சேருவதற்குள் கடலூரில் இத்தனை பிணம்.

'டிராவலர்' ஆடியவர்களுக்கு இந்த இடத்தில் தூக்கிவாரிப்போடும். அந்த விளையாட்டில் கம்பியும் கிடையாது, ரேடியோவும் உதவாது. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சேதி போக ஒரே வழி கப்பல், ஒரு தாவலுக்கு ஒரு வாரம். பாய்மரக் காலத்துத் தகவல் வேகத்தை வேண்டுமென்றே விண்வெளிக்கு எடுத்துவந்த விதி. எதிர்காலம் என்று சொல்லி எங்களுக்குக் கொடுத்தது எங்கள் ஊரின் 1783ஐத்தான். கப்பலில் இருப்பவனுக்கு அந்தத் தாமதம் சாகசம். கரையில் இருப்பவனுக்கு அது சாவு.

5

இந்த வகைமையின் மையம் துப்பாக்கி இல்லை, நடமாட்டம். வேண்டாத இடத்தைவிட்டுப் புறப்பட்டுவிடலாம் என்கிற சுதந்திரம்தான் கப்பல். அந்தச் சுதந்திரம் யாருக்கு இருந்தது என்று கேட்டால் சிதம்பரத்தில் ஒரு பதில் இருக்கிறது. பெரியபுராணத்து நந்தன் ஆதனூரிலிருந்து 'நாளைப் போவேன்' என்றே நாள் தள்ளுகிறான். அதுவே அவன் பேராகிவிடுகிறது. கடைசியில் தில்லைக்கு வந்தும் எல்லையில் நின்றுவிடுகிறான். உள்ளே போக மாட்டாமல் எல்லையையே வலம் வருகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தன் சரித்திரத்தில் ஒரு வேதியர் புதிதாக வந்து சேருகிறார்; நாற்பது வேலி அறுப்பை முடித்துவிட்டுப் போ என்கிறார். டர்னரின் எல்லை முன்னேறுகிறவனுக்குத் திறக்கும். நந்தனின் எல்லை அசையாது. தீயில் இறங்கினால் திறக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் 'எல்லை' என்கிறோம்.

வெறும் பழங்கதை இல்லை இது. வருவாய்த்துறைப் பேரேட்டின் 'புறம்போக்கு' என்ற சொல்லில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர்! 1956இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபோது ஊர்கள் பெயர்ந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளர்ந்து நின்ற நெல்லின் மேல் இயந்திரங்களை இறக்கினார்கள். நிலம் முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். பேரேட்டில் அது கம்பெனி நிலம், கண்ணுக்கு முன்னால் பச்சைப் பயிர். எது உண்மை என்று தீர்மானிப்பது, உலகம் சொல்லும் அதிகாரம் யார் கையில் என்பதுதான்.

6

இதையெல்லாம் பேசி முடித்து, விதிகளைக் கொஞ்சம் மாற்றினோம். பூஜ்யம் விழுந்தால் 'ஆளில்லை' என்று சொல்லக் கூடாது; 'ஆளில்லை என்று பேரேடு சொல்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். எழுதியவன் யார், யார் சம்பளத்தில் எழுதினான் என்பதை ஆட்டத்துக்குள் கண்டுபிடிக்க வழி வைக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒருத்தர் கப்பலில் ஏறாமல் தரையில் இருப்பவராக ஆட வேண்டும். உலகம் சொல்லுகிறவரை 'நடுவர்' என்பதை விட்டோம். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷக்காரனை வரவேற்பான், ஊர்க்காரன் வாயாலே கேள்வியும் கேட்பான். அந்தப் பேரை வைத்துக்கொண்டோம். கூத்தில் முடிவு தெரியும், துரியோதனன் படுகளத்தில் விழுந்தே ஆக வேண்டும். எங்கள் ஆட்டத்தில் முடிவு தெரியாது. கட்டியங்காரனுக்குப் பொறுப்பு அதனால் இன்னும் அதிகம்.

அப்படியும் ஒன்று நடந்தது. கடலூர் நண்பர் கட்டியங்காரனாக இருந்த ராத்திரி. கம்பெனி ஆள் ஒருவன் கப்பலுக்கு வருகிறான். ஒரு பீரங்கியை ஏற்றிப்போய் ஒரு கிரகத்தில் நிறுத்தி, திசைக்கொன்றாகச் சுட வேண்டும். கூலி, கப்பலின் மொத்தக் கடனும் தள்ளுபடி. என்ன வேலை என்று எங்களுக்குத் தெரியாமலில்லை. 1690ஐ அந்த வாரம்தான் பேசியிருந்தோம். தரையில் இருப்பவளாக ஆடிய தோழி எதிரே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கப்பலில் நாங்கள் மூன்று பேர். நிலமெடுப்புக்கு எதிராகத் துண்டறிக்கை அடித்த கைகள்தான். "கடன் அடையணுமில்ல" என்றார் ஒருத்தர். இன்னொருத்தர் தலையாட்டினார். நானும் ஒப்புக்கொண்டேன்.

வில்லன்கள் எல்லையை வரைந்ததாக நினைத்துக்கொள்வது வசதியாக இருக்கிறது. 1690இல் திரியைப் பற்றவைத்தவனும் மாதச் சம்பளக்காரன். 1783இல் இரண்டு பக்கமும் செத்த சிப்பாய்களும் அப்படித்தான். நம்மை அந்தத் திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கை எந்தப் பக்கம் போகிறது என்று காட்டியதற்காகவாவது இந்த விளையாட்டைத் தொடர்ந்து ஆடலாம் என்று தோன்றுகிறது.

பீரங்கி இன்னும் கப்பலில்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறு தரையில் இருப்பவராக ஆடும் முறை என்னுடையது.