செவிப்பறையும் தம்பியின் 'திக்தே'யும்

காதுக்குள் இருக்கும் மெல்லிய ஜவ்வை நாம் செவிப்பறை என்கிறோம். காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் நான் கற்ற வார்த்தை 'தேம்பான்'. அதுவும் முரசைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்ததுதான். பறை கிழிந்தால் ஓசை குன்றும், காதிலும் அப்படியே.

என் தம்பிக்கு ஐந்து வயதிலிருந்தே இரண்டு காதிலும் சீழ். அம்மா நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றுவார். பள்ளியில் வாத்தியார் 'திக்தே' வைப்பார், அதாவது சொல்வதெழுதுதல். தம்பிக்குப் பாதி வார்த்தை காதில் விழாது. முட்டை மார்க்கும் வாங்குவான், பிரம்படியும் வாங்குவான். "மக்கு" என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆறாம் வகுப்போடு மளிகைக் கடை வேலைக்குப் போய்விட்டான்.

ஓய்வு பெற்ற பின் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அறுந்த காது மடலை ஒட்டவைக்க சுசுருதர் 15 முறைகள் சொல்லியிருக்கிறார். பாம்படம் போட்டு வடிந்த காதை வெட்டித் தைத்துக்கொண்ட அப்பத்தாக்களை மதுரைக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். வெளிக்காதுக்கு வைத்தியம் அவ்வளவு பழையது. உள்ளே இருக்கும் பறைக்குத்தான் வழி பிறக்கவில்லை.

1640-ல் ஜெர்மனியில் பான்சர் என்பவர் பன்றியின் சிறுநீர்ப்பையால் மூடிய சிறு குழாயைக் காதில் வைத்துப் பார்த்தார். 1853-ல் லண்டனில் டாயின்பி, ரப்பர் வில்லையை வெள்ளிக் கம்பியில் கோத்து வைத்தார். இரண்டும் ஓட்டையை மறைத்தன, ஆற்றவில்லை. 1878-ல் பெர்தோல்டு நோயாளியின் தோலையே எடுத்து ஒட்டினார். ஆனால் இருட்டான, குறுகிய துவாரத்துக்குள் கண்ணும் கையும் எட்ட வேண்டுமே! அதற்கான மைக்ராஸ்கோப் 1950-களில்தான் பரவலானது. ஜெர்மனியின் வுல்ஸ்டைனும் சோல்னரும் 1952, 53 வாக்கில் இந்த சிகிச்சைக்கு முறையான வடிவம் கொடுத்தார்கள். பிறகு காதுக்கு மேலுள்ள தசையை மூடிய மெல்லிய உறையை எடுத்து ஒட்டும் வழக்கம் வந்தது. அந்த உறை சாரம் மாதிரி. அதைப் பற்றிக்கொண்டு புது ஜவ்வு வளர்கிறது.

தம்பி அடி வாங்கிக்கொண்டிருந்த நாளில், உலகத்தில் ஒரு மூலையில் அதற்கு மருந்து இருந்திருக்கிறது. எங்கள் தெருவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

குழந்தைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய் அவர்களுக்குக் குட்டையாகவும் படுத்த வாக்கிலும் இருக்கும். சளி பிடித்தால் காது வரை போய்விடும். சிறு ஓட்டை தானே மூடிக்கொள்வதும் உண்டு. ஆகவே குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று பல டாக்டர்கள் காத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பேரன், மேலூர் பக்கத்துப் பையன். கண்மாயில் குதித்துக் குளிப்பவன். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு விளக்கடித்துப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடித்தது. நம் பெரிய ஆஸ்பத்திரியில், பணம் வாங்காமல், ஆபரேஷன் நடந்தது. போன மாதம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். சொல்வதெழுதுதலில் பத்துக்கு ஒன்பது.

தம்பி இப்போது இல்லை. பேரக் குழந்தை "என்ன? என்ன?" என்று திரும்பக் கேட்டால் திட்டாதீர்கள், எண்ணெயும் ஊற்றாதீர்கள். காதைக் காட்டுங்கள்.