ஊரிகம்: ஒரு சுரங்க நகரின் மொழி வரலாறு

கோலார் தங்கவயலில் நந்திதுர்க்கம், சாம்பியன் ரீஃப் ஆகிய சுரங்கங்களுக்கு இடையே அமைந்த ஊரிகம், மைசூர் சமஸ்தானத்தின் மண்ணில் ஆங்கிலேய முதலீட்டாலும் தமிழர் உழைப்பாலும் உருவான ஊராகும். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குள்ள சுரங்கங்களை நிர்வகித்தபோது, வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் வேலை தேடி வந்து, 'லைன்' எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளில் குடியேறினர். மேலதிகாரிகள் ஆங்கிலத்திலும், ஆட்களைத் திரட்டிய மேஸ்திரிகள் தமிழிலும் பேச, அரசு அலுவலகங்களில் கன்னடம் வழங்கியதால், தொழிலாளியின் வாழ்க்கை தொடக்கத்திலிருந்தே மூன்று மொழிகளுக்கு இடையில் நடந்தது.

இம்மூன்றில் ஆங்கிலமே கூலியையும் பதவியையும் தீர்மானித்தது. கணக்கு, வரைபடம், மருத்துவமனைச் சீட்டு ஆகிய யாவும் அம்மொழியில் இருந்தமையால், அதை அறியாதவர் சுரங்கத்தின் அடியிலேயே நின்றனர். மேற்பார்வைப் பணிகள் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சென்றன. அந்த நிர்வாகமே 1930-இல் தொழிலாளர்களின் பெருவிரல் ரேகையைக் கட்டாயமாகப் பதிவு செய்ய முனைந்தபோது, அது தங்களைக் குற்றவாளிகளாக நடத்துவதாகும் எனக் கருதிய தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

அதே காலத்தில் தமிழ் அவர்களுக்குச் சுயமரியாதையின் மொழியாக வளர்ந்தது. 1907-இல் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', பின்னர் 'தமிழன்' எனப் பெயர் மாறி, அவர் 1914-இல் மறைந்த பின் நின்றுபோனது. அவ்விதழுக்குத் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 1926-இல் மறுபிறப்பளித்தார். பௌத்தத்தையும் சாதி மறுப்பையும் முன்வைத்த இவ்விதழ், சுரங்கத் தொழிலாளர்களைத் தமிழ் எழுத்துடனும் அச்சுடனும் இணைத்தது.

1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தங்கவயல் மைசூர் மாநிலத்திலேயே நீடித்ததால், அங்கு பெரும்பாலோர் பேசிய தமிழ் மாநில அளவில் சிறுபான்மையினரின் மொழியாகவே நின்றது. அவ்வாண்டே சுரங்கங்கள் மாநில அரசின் கைக்கு வந்து, 1962-இல் மத்திய அரசுக்கு மாறின. 1981-இல் வி. கே. கோகாக் தலைமையிலான குழு, உயர்நிலைப் பள்ளிகளில் கன்னடமே ஒரே முதல் மொழியாக, அதாவது அதிக மதிப்பெண் ஒதுக்கப்பட்ட மொழியாக, இருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1982-இல் நடிகர் ராஜ்குமார் தலைமையில் அதற்கு ஆதரவான பெருங்கிளர்ச்சி நடந்தபோது, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட தங்கவயலில் எதிர்ப்பு எழுந்தது. இவ்வூரின் தொகுதியிலிருந்து அ.தி.மு.க. வேட்பாளர் கர்நாடகச் சட்டமன்றத்துக்குச் சென்றதும் இந்த அடையாள உணர்வின் வெளிப்பாடேயாகும்.

எனினும், இரு தரப்பினரும் தத்தம் மொழிக்காக வாதிட்ட காலத்தில், பெற்றோரில் பலர் பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளிகளுக்கே அனுப்பினர். தொடக்கப் பள்ளிகளில் தாய்மொழி அல்லது கன்னடமே பயிற்று மொழியாக வேண்டும் என 1994-இல் கர்நாடக அரசு பிறப்பித்த ஆணை நீதிமன்றங்களை அடைந்து, 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பயிற்று மொழியை அரசு திணிக்க முடியாது எனத் தீர்ப்பளித்ததுடன் முடிவுற்றது.

2001 பிப்ரவரி 28 அன்று, சுரங்கங்களை நடத்திவந்த மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின், ஆங்கிலத்தின் மதிப்பு புதிய வடிவம் பெற்றது. முந்தைய தலைமுறையில் நிர்வாகத்தின் மொழியாகத் தொழிலாளியை விலக்கி வைத்த அதே மொழி, இப்போது மாரிக்குப்பத்திலிருந்து ஊரிகம் வழியாகப் பெங்களூருக்கு ரயிலில் நாள்தோறும் சென்று திரும்பும் இளைஞர்களுக்கு வேலைக்கான முதல் தகுதியாயிற்று. ஆயினும், அரசுப் பணிக்குக் கன்னடமும் சமூக வாழ்வுக்குத் தமிழும் இன்றியமையாதவையாகவே நிற்கின்றன. ஒரு மொழியைக் கொடியாக உயர்த்துவது எளிது. அந்தக் கொடியின் கீழ் நிற்பவரின் பிள்ளைக்கு மூன்று மொழிகளையும் தரமாகக் கற்பிக்கும் பள்ளியை அமைப்பதே, ஊரிகத்தின் வரலாறு அரசுகளிடமும் மொழி இயக்கங்களிடமும் வைக்கும் கோரிக்கையாகும்.