ஆர்.எக்ஸ். 100-ஆ, சி.டி. 100-ஆ? ஒரு பழைய பட்டிமன்றம்

திருச்சியிலிருந்து கரூர் ரோட்டில் காவிரியை ஒட்டி மேற்கே போனால் சுமார் 15 கிலோமீட்டரில் ஜீயபுரம் வரும். முக்கொம்புக்குப் பக்கம். வாழையும் நெல்லும் விளையும் ஊர்தான், ஆனால் காலேஜ், ஆஸ்பத்திரி, வேலை எல்லாவற்றுக்கும் திருச்சிக்குத்தான் போக வேண்டும். போக வர தினமும் 30 கிலோமீட்டர். 1990களில் இப்படிப்பட்ட ஊர்களில் பல வீடுகளுக்கு முதல் பைக் செகண்ட் ஹேண்டாகத்தான் வந்தது. கையில் இருக்கும் காசுக்கு யமஹா வாங்குவதா, ஹீரோ ஹோண்டா வாங்குவதா என்ற பட்டிமன்றம் டீக்கடையிலேயே தொடங்கிவிடும்.

இந்தக் கேள்வி 1980களுக்கு முன்னால் கிடையாது. அப்போது மோட்டார் சைக்கிள் என்றால் சென்னை திருவொற்றியூரில் செய்த 350 சி.சி. புல்லட், மைசூரில் செய்த ஜாவா, எஸ்டி, வடக்கே செய்த ராஜ்தூத். எல்லாம் கனமான வண்டிகள், பெட்ரோலையும் நன்றாகவே குடிக்கும். 1980களின் தொடக்கத்தில் மத்திய அரசு 100 சி.சி. வரையிலான இரு சக்கர வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கூட்டை அனுமதித்தது. ஜப்பான்காரர்கள் நான்கு பேரும் வந்துவிட்டார்கள்! முதலில் வந்தது நம் ஓசூரிலிருந்து: டி.வி.எஸ். கூட்டில் இண்ட்-சுசுகி, 1984-ல். அடுத்த வருடம் 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, எஸ்கார்ட்ஸ் கூட்டில் யமஹா ஆர்.எக்ஸ். 100. அதன்பின் பஜாஜ் கவாசாகி.

1985-ன் இந்த இரண்டு வண்டிகளையும் காகிதத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டும் 100 சி.சி.க்குக் கொஞ்சம் குறைவு. காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், நான்கு கியர், கிக் ஸ்டார்ட், டிரம் பிரேக். ஆனால் யமஹா டூ-ஸ்ட்ரோக், ஹோண்டா ஃபோர்-ஸ்ட்ரோக். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் பெட்ரோல் எரிந்து சக்தி வரும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான். அதனால்தான் ஏறக்குறைய அதே அளவு எஞ்சினிலிருந்து யமஹா 11 குதிரைத்திறன் எடுத்தது. சி.டி. 100-க்கு சுமார் 7 தான். ஆக்சிலேட்டரை முறுக்கியதும் துள்ளிப் பாய்வது எது என்று சொல்லத் தேவையில்லை.

அந்தத் துள்ளலுக்கு ஒரு விலை உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் கொஞ்சம் பெட்ரோல் எரியாமலேயே சைலன்சர் வழியாகப் போய்விடும். நடைமுறையில் ஆர்.எக்ஸ். 100 லிட்டருக்கு 40 கி.மீ. கொடுத்தால், சி.டி. 100 சாதாரணமாக 65 கொடுக்கும். ஜீயபுரம் கணக்கையே போடலாம். மாதம் 25 நாள், 750 கி.மீ. யமஹாவுக்கு ஏறக்குறைய 19 லிட்டர், ஹோண்டாவுக்கு 11 அல்லது 12. இதற்கு மேல் யமஹாவுக்கு 2டி ஆயில் செலவு தனி. மாதச் சம்பளக்காரர் எதை வாங்கியிருப்பார்? நாடு முழுக்க வந்த பதில் ஹோண்டாதான். 2001-ல் ஹீரோ ஹோண்டா உலகிலேயே அதிக இரு சக்கர வண்டி செய்யும் கம்பெனி ஆனது.

புது வண்டிக்கு மைலேஜ் போதும். பழைய வண்டி வாங்கும்போது வேறு விஷயங்கள் வந்துவிடும். உதாரணத்துக்கு, புகை. ஆர்.எக்ஸ். 100-ல் லேசான நீலப்புகை வந்தால் பயப்பட வேண்டாம், ஆயில் எரிவதுதான் அதன் பிறவிக் குணம். அதே நீலப்புகை சி.டி. 100-ல் வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரிக்கும் செலவு காத்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு வண்டியில் பழகிய கண்ணோடு இன்னொரு வண்டியைப் பார்த்தவர்கள் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

யமஹாவில் பார்க்க வேண்டியது ஆயில் பம்ப். கம்பெனி கொடுத்தபடி தனி டேங்கிலிருந்து ஆயில் தானாகப் போகும். பல வண்டிகளில் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுவார்கள். இது தெரியாமல் வாங்கியவர் வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகி வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். எத்தனை தடவை போர் போட்டிருக்கிறது என்றும் கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் கொஞ்சம் அகலமாகும். கடைசி ஓவர்சைஸ் பிஸ்டன்வரை போய்விட்ட வண்டி என்றால் அடுத்து சிலிண்டருக்கே செலவு. சி.டி. 100-ல் கேட்க வேண்டியது டைமிங் செயின் சத்தம்.

பிறகு கதை திரும்பியது. புகைக் கட்டுப்பாடு விதிகள் இறுகிக்கொண்டே போக, 1996-ல் ஆர்.எக்ஸ். 100 நின்றது. அடுத்து வந்த ஆர்.எக்ஸ். 135-ம் 2005-ல் முடிந்தது. சி.டி. 100-ன் எஞ்சினோ 1994-ல் ஸ்பிளெண்டருக்குள் புகுந்து, ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. தோற்றது யமஹா என்றுதானே நினைப்போம்? செகண்ட் ஹேண்ட் சந்தையில் நடந்தது நேர் எதிர். நல்ல நிலையில் உள்ள ஆர்.எக்ஸ். 100 இன்று ஒரு லட்ச ரூபாயையும் தாண்டிப் போகிறது. சி.டி. 100-ஐ சீண்ட ஆளில்லை. அதன் வாரிசு ஷோரூமில் புதிதாகவே கிடைக்கும்போது பழையதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

விலை ஏறியதும் ஒட்டு வேலையும் ஏறியது. ஆர்.எக்ஸ். 100 சட்டத்தில் 135 எஞ்சினைப் பொருத்தி அசல் என்று விற்பது உண்டு. அதனால் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்ட பிறகுதான் விலையே பேச வேண்டும். பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும், அதற்குப்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் புதுப்பித்திருக்க வேண்டும். பெயர் மாற்ற படிவம் 29, 30. டிஎன் 45, டிஎன் 48 என்று திருச்சி, ஸ்ரீரங்கம் நம்பராக இல்லாமல் வெளி மாநில வண்டியாக இருந்தால், அங்கிருந்து தடையில்லாச் சான்றும் சேர்த்து வாங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.