கையைப் பிடித்திருப்பவரும் கணக்கில் வர வேண்டும்



எங்கள் பாடசாலை வாசலில் வேப்பமரம் ஒன்று நிற்கிறது. காலை ஏழரை முதல் பகல் ஒன்றரை வரை ஓர் உம்மா அதன் கீழே உட்கார்ந்திருப்பார். மகன் தரம் 4இல் படிக்கிறார். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் நடக்க முடியாது. மலசலகூடத்துக்குத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். முன்பு தையல் வேலைக்குப் போன அந்த உம்மா அதை விட்டு மூன்று வருடமாகிறது.

"புள்ளைக்கு மாசாமாசம் காசு வருது சேர், அல்ஹம்துலில்லாஹ். ஆனா நான் எப்படி இருக்கன் என்டு ஒருத்தரும் கேக்கல்ல" என்றார் ஒரு நாள்.

அந்தப் பேச்சு எங்களைச் சும்மா இருக்க விடவில்லை. இந்த நாடு மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன செய்தது, அவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கு என்ன செய்தது என்று பின்னோக்கிப் பார்த்தோம்.

ஆரம்பத்தில் இந்தப் பொறுப்பு அரசாங்கத்திடம் இருக்கவில்லை. 1912இல் மேரி செப்மன் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி, காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அதுவே பின்னர் இரத்மலானையில் நிலைகொண்டது. பெரிய சேவைதான். ஆனால் அங்கே படிக்கப் பிள்ளை வீட்டைப் பிரிந்து விடுதிக்குப் போக வேண்டும். போக முடியாத பிள்ளைகள் வீட்டோடு இருந்தார்கள். 1945இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் போனது, படிக்கட்டு அப்படியே இருந்தது.

அரசாங்கம் தெளிவான ஓர் எண்ணிக்கையோடு பேசியது 1988இல். பொது நிர்வாக அமைச்சின் 27/88ஆம் இலக்கச் சுற்றறிக்கை, அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் 3 வீதத்தைத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொன்னது. ஆனால் சுற்றறிக்கை வேறு, சட்டம் வேறு.

சட்டம் 1996இல் வந்தது. அந்த ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய சபையையும் தேசிய செயலகத்தையும் உருவாக்கியது. அதன் 23ஆம் பிரிவு முக்கியமானது. இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரைத் தொழிலிலோ, கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலோ பாகுபடுத்தக் கூடாது என்கிறது. "இந்தப் பிள்ளையை இங்கே சேர்க்க ஏலாது" என்று யாராவது சொன்னால், இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2003இல் தேசியக் கொள்கை அமைச்சரவை அனுமதி பெற்றது. இது தர்மம் அல்ல, உரிமை என்பதே அதன் அடிப்படை. 2006இல் கட்டட ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. ஏற்கனவே உள்ள பொதுக் கட்டடங்களுக்கு மூன்று வருட அவகாசம் கொடுக்கப்பட்டது. அந்த விதிகள் கடதாசியிலேயே நின்றுவிடாதிருக்க, சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் சென்றார். புதிய பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் போய்வர வழி இருக்க வேண்டும் என்ற கட்டளை 2009 ஏப்ரலில் கிடைத்தது. ஒரு தனி மனிதனின் பிடிவாதம் முழு நாட்டுக்கும் பயன்பட்டது.

2012 குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோருக்கு, அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு, ஏதோ ஓர் இயலாமை இருப்பது தெரியவந்தது. அவர்களில் எத்தனை பேருக்குப் பின்னால் ஓர் உம்மா, ஒரு மனைவி, ஒரு ராத்தா தன் நாளைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை நாம் யோசிப்பதில்லை.

இத்தனை ஆவணங்களைப் புரட்டியும், வேப்பமரத்தடி உம்மாவை நாங்கள் நேராகக் கண்டது ஓரிடத்தில்தான். 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை அது. அதன் 28ஆம் உறுப்புரை, வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளோடு அவர்களது குடும்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. பயிற்சி, ஆலோசனை, நிதியுதவி, பராமரிப்பவர் சற்று ஓய்வெடுக்கத் தற்காலிகப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு அரசு உதவ வேண்டும் என்கிறது. நாடு கையெழுத்திட்ட வாக்கு இது.

குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டம் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தியது. வரவேற்கிறோம். ஆனால் அது நோயாளியின் மருந்துக்கும் பெம்பர்ஸுக்கும் போய்விடும். பராமரிப்பவர் இழந்த சம்பளம் அந்தக் கணக்கில் இல்லை.

பராமரிப்பவரையும் கணக்கில் எடுப்பது புதிய யோசனையும் அல்ல. கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட உமையாக் கலீபா வலீத், நடக்க முடியாதவருக்கு ஒரு பணியாளரையும் பார்வையற்றவருக்கு ஒரு வழிகாட்டியையும் அரச பொறுப்பில் நியமித்ததாக வரலாற்றாசிரியர் தபரி எழுதுகிறார். உதவி தேவைப்படுபவரையும் உதவுபவரையும் ஒன்றாகவே கணக்கெடுத்த நிர்வாகம் 1,300 வருடங்களுக்கு முன்பே இருந்திருக்கிறது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், கொடுப்பனவுக்குப் பதிவாகியிருக்கிறாரா என்று கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடமும் விசாரியுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளே, அடுத்த திருத்த வேலையில் ஒரு சாய்தளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸகாத் பட்டியல் தயாரிப்போரே, பராமரிப்புக்காகத் தொழிலை விட்டவரையும் அதில் பாருங்கள். அரசியல்வாதிகள் வாக்குக் கேட்டு வரும்போது 28ஆம் உறுப்புரையைப் பற்றிக் கேளுங்கள்.

எங்கள் பங்குக்கு, ஆசிரியர்கள் நாங்கள் ஒரு முறைப்பட்டியல் போட்டிருக்கிறோம். அடுத்த திங்கள் முதல் கிழமைக்கு இரண்டு நாள் அந்தப் பிள்ளையின் தேவைகளை நாங்களே பார்த்துக்கொள்வோம். அந்த இரண்டு நாளும் உம்மா தையலுக்குப் போகலாம். கைகொடுக்க விரும்பும் பழைய மாணவர்கள் பாடசாலைக்கு வந்து பேசுங்கள். மற்ற மூன்று நாளுக்கும் ஆட்கள் தேவை.